மெக்கானிக்கல் இன்ஜினியரிங்: பட்டத்தோடு நிற்பதா, ஆராய்ச்சி வரை போவதா?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு மாறிவிட்டது. ஒரு காலத்தில் "மெக்கானிக்கல் எடுடா, மாமா சவூதியில் விசா பார்ப்பார்" என்றார்கள். இன்று அதே வீட்டில் "மெக்கானிக்கலா? ஏன், கம்ப்யூட்டர் கிடைக்கவில்லையா?" என்று கேட்கிறார்கள். அன்று அந்தப் படிப்பை விசாவாகப் பார்த்தோம், இன்று மிச்சமாகப் பார்க்கிறோம். அந்தப் படிப்புக்குள் என்ன இருக்கிறது, அது எதுவரை போகும் என்று இரண்டு காலத்திலும் நாம் விசாரிக்கவில்லை.

குறிப்பாக, பட்டத்துக்கு மேலே ஆராய்ச்சி என்று ஒரு பாதை இருப்பதும், அந்தப் பாதையில் நல்ல நிறுவனத்தில் இடம் பெற்ற மாணவனுக்கு மாதாமாதம் பணம் வருகிறது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. "இன்னும் ஐந்து வருஷம் யார் படிக்க வைப்பது?" என்று வாப்பா கவலைப்படுகிறார். பையனோ கேட்கத் தயங்கி, கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறான். வட்டிக் கடன் வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் குடும்பங்கள்தான் இந்தப் பாதையை மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நான்கு வருடத்தில் என்ன படிக்கிறார்கள்?

பாடங்களின் பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் அடிப்படை சில கேள்விகள்தான். ஒரு பொருளின் மீது பாரம் ஏற்றினால் அது எவ்வளவு வளையும், எப்போது உடையும்? வெப்பத்தை எப்படி வேலையாக மாற்றுவது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிக் கடத்துவது? தண்ணீரும் காற்றும் குழாயிலும் இறக்கையிலும் எப்படி ஓடுகின்றன? கம்பியையும் தகட்டையும் எப்படி வெட்டி, வார்த்து, பற்றவைத்துப் பாகமாக ஆக்குவது? ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், மேனுஃபேக்சரிங் என்று இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் கணக்கு இருக்கிறது. பைக்கைக் கழற்றி மாட்டும் ஆர்வம் இருக்கும் பையனுக்கு இது ஏற்ற படிப்பு என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. கணக்கில் ஆர்வமே இல்லை என்றால் மூன்றாவது செமஸ்டரிலேயே அரியர் சேரத் தொடங்கிவிடும்.

இந்தத் துறை நமக்கு அந்நியமானதும் அல்ல. 1206-ல் தியார்பகிர் பகுதியை ஆண்ட அர்துக்கியர் அரசவையில் இருந்த அல் ஜஸரி, ஐம்பது கருவிகளை எப்படிச் செய்வது என்று படங்களோடு ஒரு நூல் எழுதி முடித்தார். அதில் இரட்டை சிலிண்டர் கொண்ட நீர் இறைக்கும் பம்பும் உண்டு. அதைப் பெருமைக்காக மேடையில் பேசுகிறோம். ஆனால் அளவு குறிப்பிட்டு, படம் வரைந்து, அடுத்தவர் செய்து பார்க்கும்படி எழுதினார் என்பதுதான் அவரிடம் கவனிக்க வேண்டியது. இன்றைய ஆய்வுக் கட்டுரையும் அதைத்தான் செய்கிறது.

சேர்வதற்கு முன்

தமிழ்நாட்டில் பி.இ. சேர்க்கை ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் மூலம் நடக்கிறது. கணக்கு மதிப்பெண்ணை 100-க்கும், இயற்பியல், வேதியியல் இரண்டையும் தலா 50-க்கும் மாற்றி, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள்ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி, மாப்பிள்ளை, துதேகுலா, அன்சார், ஷேக், சையத் என்று பட்டியலில் இருக்கும் பிரிவின் பெயர் சாதிச் சான்றிதழில் இருந்தால்தான் அது பொருந்தும். வெறுமனே "முஸ்லிம்" என்று வாங்கி வைத்துக்கொண்டு கவுன்சலிங் நேரத்தில் தாலுகா ஆபீஸுக்கு ஓடுவது வருடா வருடம் நடக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் இந்த 3.5 சதவீதம் கிடையாது. அங்கே ஓ.பி.சி. ஒதுக்கீட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்று, அந்த நிதியாண்டில் வாங்கிய தனிச் சான்றிதழ் தேவை. மாநிலச் சான்றிதழை வைத்து விண்ணப்பித்துவிட்டுப் பிறகு பொதுப்பிரிவுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கல்லூரியைப் பொறுத்தவரை கட்டடத்தையும் பேருந்தையும் பார்க்காதீர்கள். கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-ல் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு அமைந்தது. திருச்சி என்.ஐ.டி. 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகப் பிறந்தது. நம் சமுதாயத்தினர் நிறுவிய கல்லூரிகளில் கீழக்கரை முகம்மது சதக் பொறியியல் கல்லூரியும் வண்டலூர் கிரசென்ட் கல்லூரியும் 1984-ல் தொடங்கப்பட்டவை. கிரசென்ட் இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். எங்கே சேர்ந்தாலும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: மெக்கானிக்கல் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா?

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2018-ல் குவைத் அரசு, இந்தியப் பொறியாளர்களின் பட்டம் என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற படிப்பிலிருந்து வந்ததா என்று பார்க்கத் தொடங்கியது. பல ஆண்டுகள் அங்கே பொறியாளராக வேலை பார்த்தவர்களுக்கே இகாமா புதுப்பிப்பதில் சிக்கல் வந்தது. ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி வேறு, நாக் தரச்சான்று வேறு, என்.பி.ஏ. வேறு. முதலாவது கல்லூரி நடத்துவதற்கான அனுமதி. இரண்டாவது கல்லூரி முழுமைக்குமான மதிப்பீடு. மூன்றாவதுதான் குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தரப்படுவது. 2014-ல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பானது இந்த என்.பி.ஏ. வழியாகத்தான். "எங்கள் கல்லூரிக்கு எல்லா அங்கீகாரமும் இருக்கிறது" என்று அட்மிஷன் ஆபீஸில் சொன்னால் சும்மா தலையாட்டாமல், மெக்கானிக்கலுக்கு எந்த ஆண்டுவரை என்று கேட்டு, என்.பி.ஏ. இணையதளத்திலும் ஒருமுறை சரிபாருங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "பொம்பளப் பிள்ளைக்கு மெக்கானிக்கலா, பட்டறையில் நிற்கவா போகிறாள்?" என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. வடிவமைப்பு, வெப்பக் கணிப்பு, கணினி உருவகம் என்று இந்தத் துறையின் பெரும்பகுதி மேசையிலும் ஆய்வகத்திலும் நடக்கிறது. ஐ.ஐ.டி.களில் 2018 முதல் மாணவியருக்குக் கூடுதல் இடங்கள் ஒதுக்குகிறார்கள். ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை, ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்து மாணவியருக்கு வருடம் 50,000 ரூபாய் தருகிறது. ஒரே குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். மாணவிகளே விசாரித்து விண்ணப்பிக்கும் அளவுக்கு இது பரவலாகத் தெரியவில்லை என்பதுதான் வருத்தம்.

ஆராய்ச்சி என்றால் என்ன செய்வார்கள்?

நமக்குத் தெரிந்த ஏ.சி.யையே எடுத்துக்கொள்வோம். வளைகுடாவில் நம் சகோதரர்கள் எத்தனையோ பேர் ஏ.சி. பிழைப்பில்தான் இருக்கிறார்கள். அறையில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவதுதான் ஏ.சி.யின் வேலை. வெளியே 35 டிகிரி இருந்தால் தள்ளுவது எளிது. 48 டிகிரி இருந்தால் கம்ப்ரஸர் அதிக அழுத்தத்துக்குப் போக வேண்டும், மின்சாரம் கூடும், குளிர்ச்சி குறையும். எப்போது அதிகம் தேவையோ அப்போது அது திணறுகிறது.

இதோடு இன்னொரு சிக்கல், உள்ளே ஓடும் வாயு. பழைய ஏ.சி.களில் இருந்த ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி படிப்படியாக விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் ஒரு கிலோ கசிந்தால், புவியைச் சூடாக்குவதில் அது ஏறக்குறைய 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 2016-ல் கிகாலியில் செய்த திருத்தத்தின்படி இந்த வகை வாயுக்களையும் குறைக்க வேண்டும். இப்போது கடைகளில் அதிகம் இருக்கும் ஆர்-32-க்கு அந்த மதிப்பு சுமார் 675. ஆர்-290 என்று சொல்லப்படும் புரொப்பேன் வாயுவுக்கோ 3 அளவில்தான். ஆனால் அது சமையல் வாயுவைப் போல எரியக்கூடியது. ஆகவே குறைந்த அளவு வாயுவை வைத்து அதே குளிர்ச்சியைத் தர வேண்டும். அதற்குக் குழாயின் விட்டத்தைக் குறைக்கலாமா, கண்டென்சரின் அமைப்பை மாற்றலாமா, கசிந்தால் அறைக்குள் எப்படிப் பரவும்? இந்த ஒவ்வொரு கேள்வியும் ஒரு பி.எச்டி.க்கான தலைப்பு. உலகத்தில் இந்தக் கேள்விகளுக்கு விடை மிகவும் தேவைப்படும் இடம் வளைகுடாவும் இந்தியாவும்தான். அங்கே ஏ.சி. மாட்டும் நம்மவர்களின் பிள்ளைகள் அதை வடிவமைக்கும் இடத்தில் ஏன் இருக்கக் கூடாது?

இதுபோல ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளின் பாய்லர் எரிபொருளைக் குறைப்பது, நெம்மேலியில் நடப்பதுபோல் கடல்நீரைக் குடிநீராக்கும்போது பம்புகளில் செலவாகும் மின்சாரத்தை மீட்பது, பற்றவைத்த இடத்தில் வரும் விரிசலை முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொண்டே போகலாம். பற்றவைப்புக்கென்றே திருச்சி பெல் வளாகத்தில் தனி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

நாள்தோறும் நடப்பது பெரும்பாலும் பொறுமை வேலை. முதல் ஆண்டில் சில பாடங்களைப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். பிறகு ஏற்கெனவே வெளிவந்த நூற்றுக்கணக்கான கட்டுரைகளைப் படித்து, எது இன்னும் தெரியாமல் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து சோதனைக் கருவியைக் கட்டுவது. ஒரு வால்வு வர மூன்று மாதம், வந்த பின் கசிவு, வெப்பமானி காட்டும் எண் நம்பத்தக்கதா என்ற சந்தேகம் என்று ஓராண்டு போய்விடும். கடைசியில் ஆய்வேட்டை வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் படித்து, வாய்மொழித் தேர்வு நடத்திப் பட்டம் பரிந்துரைக்கிறார்கள். யு.ஜி.சி. விதிப்படி பி.எச்டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவான வரம்பு ஆறு ஆண்டுகள். மெக்கானிக்கலில் சோதனை வேலை என்றால் ஐந்து ஆண்டுகள் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பணம் எங்கிருந்து வருகிறது?

இதற்கு வாசல் கேட் தேர்வு. மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். கேட் மூலம் எம்.டெக். அல்லது எம்.இ. முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கேட் இல்லாமல் தமிழ்நாட்டில் எம்.இ. சேர அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் சீட்டா தேர்வை நடத்துகிறது. அந்த வழியில் போனால் இந்தத் தொகை கிடையாது. கேட் மதிப்பெண் இன்னொன்றுக்கும் உதவும்: பொதுத்துறை நிறுவனங்கள் பல அதை வைத்தே பொறியாளர்களை எடுக்கின்றன.

பி.எச்டி. நிலையில், மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. படியைச் சேர்க்காமல் ஐந்து ஆண்டுகளைக் கூட்டினால் 24 லட்சம் ரூபாய். நிறுவனத்தின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் மாணவனே இதிலிருந்து கட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படியும் வீட்டிலிருந்து வாங்காமல் படிக்கலாம், சிக்கனமாக இருந்தால் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைக்கும் மிகச் சிலருக்குத் தொடக்கமே மாதம் 70,000. அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா நூற்றாண்டு ஆராய்ச்சி உதவித்தொகை என்று ஒன்று உண்டு. இவை தவிர, பேராசிரியர்கள் அரசு நிதியோடு நடத்தும் திட்டங்களில் ஆய்வாளராகச் சேர்ந்து அதே வேலையை வைத்துப் பி.எச்டி. பதிவு செய்பவர்களும் உண்டு.

நம் பிள்ளைகள் பலர் நம்பியிருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை மத்திய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் காலம் முடியும்வரை என்றார்கள். அது திரும்ப வர வேண்டும் என்று கேட்பது ஒருபக்கம் நடக்கட்டும். அதுவரை, "சிறுபான்மை ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்" என்று இந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஜெர்மனிக்குப் போக ஆசைப்படுபவர்களுக்கு: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. விசாவுக்கு முன் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும். அந்த இடத்தில்தான் பலர் வட்டிக் கடனுக்குப் போகிறார்கள். மாஸ்டர்ஸை இங்கே உதவித்தொகையோடு முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு அங்கே போனால் நிலைமை வேறு. ஜெர்மனியில் மெக்கானிக்கல் முனைவர் இடங்கள் பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை ஒப்பந்தங்கள்.

எங்கே வழுக்கும்?

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதல் வழுக்கல். நல்ல கல்லூரியில் பொருந்தாத வழிகாட்டியிடம் மாட்டியவனைவிட, நடுத்தரக் கல்லூரியில் நேரம் ஒதுக்கும் வழிகாட்டியிடம் இருப்பவன் முன்னே போகிறான். சேரும் முன் அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களை, அவர் இல்லாத இடத்தில் சந்தித்து மூன்று விஷயம் கேளுங்கள். வாரத்தில் எத்தனை முறை பார்க்கிறார்? கடைசியாக முடித்தவருக்கு எத்தனை ஆண்டு ஆனது? ஆய்வகக் கருவி ஓடுகிறதா, துணி போட்டு மூடி இருக்கிறதா?

அடுத்தது, காசு கட்டிப் படிக்கும் பி.எச்டி. சில இடங்களில் "வாரத்தில் ஒருநாள் வந்தால் போதும், மூன்று வருஷத்தில் முடித்துத் தருகிறோம்" என்று கூப்பிடுகிறார்கள். ஆய்வேட்டை எழுதித் தரவும் ஆள் இருக்கிறார்கள், பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடும் பத்திரிகைகளும் இருக்கின்றன. பொய்யான வேலைக்குப் பணம் கொடுத்து வாங்கும் பட்டம் என்பதை வேறு பெயரில் அழைக்க முடியாது. எந்த நல்ல நேர்காணலும் "கருவியை எப்படிக் கட்டினீர்கள்?" என்ற ஒரு கேள்வியில் அதை வெளியே கொண்டுவந்துவிடும். வேலையில் இருந்துகொண்டே, நிறுவனத்தின் தடையின்மைச் சான்றோடு நேர்மையாகப் பகுதிநேர ஆய்வு செய்பவர்கள் வேறு. அவர்களை இதில் சேர்க்கவில்லை.

முடித்த பின் வேலை? மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்துவரும் தனியார் கல்லூரிகளில் ஆசிரியர் வேலையை மட்டும் நம்பிப் பி.எச்டி. செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உதவிப் பேராசிரியர் ஆக அங்கே எம்.இ. முதல் வகுப்பே போதும், சம்பளமும் பல இடங்களில் வருத்தத்துக்குரியது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. ஆசிரியர் பணி, கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம், சென்னையையும் ஓசூரையும் சுற்றியுள்ள வாகன நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகள் ஆகியவைதான் குறிவைக்க வேண்டியவை. மகேந்திரகிரியிலும் மற்ற இடங்களிலும் இஸ்ரோ மெக்கானிக்கல் பொறியாளர்களை பி.இ. முடித்த நிலையிலேயே 65 சதவீத மதிப்பெண்ணோடு தேர்வு எழுத விடுகிறது. அதற்குப் பி.எச்டி. வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ராமேஸ்வரத்தில் இருந்து வந்த அப்துல் கலாமுக்கு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது சேர்க்கைக் கட்டணத்துக்குப் பணம் இல்லை. அவருடைய அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இன்று உங்கள் பிள்ளைக்கு அந்த நகை தேவைப்படாமல் இருக்க வழி இருக்கிறது. அதற்கு மூன்றாம் ஆண்டு விடுமுறையிலேயே கேட் பழைய வினாத்தாள்களை எடுத்து உட்கார வேண்டும். தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். அந்த மாதங்களில் வீட்டில் நடக்கும் கல்யாண வேலைக்கும் கடை வேலைக்கும் அவனையே அனுப்பாமல் இருப்பது பெற்றோர் செய்யக்கூடிய உதவி.